ரேடியேட்டர் சால்னா

நாகூர் மீரானுக்கு மளிகை வியாபாரம் தெரியும், மார்க்கம் தெரியும், மலாய்க்காரரிடம் மலாயும் சீனரிடம் பேரமும் பேசத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். தனக்கு என்னென்ன தெரியாது என்பது. இல்லையென்றால், நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் ஒரு மனுஷன் தன் சொந்தக் காரின் மூக்கில் தானே ஓட்டை போடுவானா?

ஆகஸ்டு மாதம். மாதக் கடைசியில் மெர்டேக்கா, சுதந்திர நாள். மலாக்கா டவுனில் வளைவு கட்டாத தெரு இல்லை, கொடி தைக்காத வீடு இல்லை. காஜா பேராங்கில் நாகூர் மீரான் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் நின்ற கறுப்புக் காருக்கும் ஒரு கொடி வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. சண்டைக்கு முந்தின கார். ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் சீமைக்குத் திரும்புகிறபோது கழித்துக் கட்டியது. ஓட்டுவது மனைவி சபியாவின் தம்பி முகம்மது. நாகூர் மீரான் பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்து, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லுவார். கார் நின்றுபோய் நாலு பேர் தள்ளுகிறபோதும் இறங்க மாட்டார். சலாம் மட்டும் கொஞ்சம் சுரத்துக் குறையும்.

கொடிக்கம்பு சொருக ஒரு பிடி மாட்டவேண்டும் என்று அடுத்த வீட்டு, மலாய் பேசும் தமிழ் வம்சத்துச் சிட்டிக்காரரின் தச்சுச் சாமானிலிருந்து ஒரு துளைக்கருவியை இரவல் வாங்கி, காரின் முன்பக்கத்தில் வைத்துத் திருகினார். திருகினார், திருகினார், உள்ளே ஏதோ இளகிக் கொடுத்தது. உருவினதும் சொர்ர் என்று தண்ணீர். அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. தண்ணீரை நிறுத்துகிறேன் என்று மரத்துண்டு ஒன்றைச் சீவி அந்த ஓட்டையில் வைத்து ஒரு போடு போட்டார். ரேடியேட்டர் மேலிருந்து கீழாக வாய் பிளந்தது.

அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சபியா தலையில் கை வைத்துக்கொண்டாள். காருக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக.

ஞாயிற்றுக்கிழமை மூவாருக்குப் போகவேண்டும். மகள் ஹலீமாவுக்கு அங்கே மாப்பிள்ளை பேசியிருந்தது. பையன் காதர் மைதீன், தபாலாபீசில் வேலை. அவன் வாப்பா ஷம்சுதீன், கஸ்டம்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வானவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று பேர். போன மாதம் பெண் பார்க்க வந்துவிட்டுப் புறப்படுகிறபோது அவர் இரண்டே இரண்டு விஷயம் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முந்தி வந்துருங்க. எங்க காக்கா, எனக்கு மூத்தவரு, மறுநாளு ஊருக்குக் கப்பல் ஏறுறாரு. அவரு இல்லாம சீனி மாத்த முடியாது. இன்னொண்ணு, புள்ள வாயால சம்மதம் கேட்டுட்டு வாங்க. பெத்தவங்க சொல்றது பத்தாது. எங்க வீட்டுல ஒரு தடவ சூடு பட்டிருக்கோம்."

சீனி மாற்றுவது என்றால், இரண்டு வீட்டுச் சீனியையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, சபையில் எல்லார் வாயிலும் ஒரு சிட்டிகை போடுவது. வாயில் சீனி பட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாறக் கூடாது.

இதற்கு முந்தின இரண்டு சம்பந்தமும் இந்தக் காரால்தான் போயிற்று. தம்பின் போகிற வழியில் ஒரு தடவை, ஜாசின் போகிற வழியில் ஒரு தடவை, காருக்கு மூச்சடைத்தது. போய்ச் சேர்ந்தபோது ஆறின பிரியாணியும் ஆறாத முகங்களும்தான் இருந்தன. மூன்றாவதும் போனால் அப்புறம் காஜா பேராங்கில் கூடப் பிறந்தவர்களே வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

சம்மதம் கேட்கிற காரியம் இன்னும் பெரிய தலைவலி. ஹலீமாவிடம் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்மா" என்பாள். மீன் வாங்கவா, கறி வாங்கவா? உங்க இஷ்டம். தாவணி பச்சையா, நீலமா? உங்க இஷ்டம். முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளைக்கும் அதே பதில்தான். பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் ஊரில் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். சபியா அப்படி எடுத்துக்கொள்ள மாட்டாள். அவளையும் இப்படித்தான் பேசாமல் இருந்தாள் என்று கட்டிவைத்தார்கள். அன்றைக்கு அவளுக்குப் பல்வலி. நாகூர் மீரான் நல்ல மனுஷர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இத்தனை வருஷமாக நெஞ்சில் இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஹலீமா தைத்த மெர்டேக்காக் கொடி துணிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் அதை உற்றுப் பார்த்துவிட்டு முகம்மதுவிடம், "நட்சத்திரத்துக்கு ஒரு முனை கொறையுதே, பதினொண்ணுல்ல இருக்கணும்" என்றான். திரைக்குப் பின்னால் நின்ற ஹலீமாவின் மூஞ்சி சிவந்தது. அவர்கள் போனதும் நட்சத்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தாள். அது கோபமா, வேறு ஏதாவதா? பெற்றவளுக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மெக்கானிக் கருணாகரன் வந்தான். காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"பாய், இது தானா ஒடஞ்சதா, யாராச்சும் ஒடச்சாங்களா?"

"பழைய காருதானே கருணாகரா. வயசாயிருச்சுல்ல."

"வயசு காருக்கில்ல தம்பி" என்றாள் சபியா வாசல் திரைக்குப் பின்னாலிருந்து. "திருகுன கைக்கு."

"உள்ள போயி அடுப்பப் பாரு சபியா."

"அடுப்பு எரியுது. இது ஓடாதுன்னுதான் இங்க நிக்கிறேன். ஞாயித்துக்கெழமக்கி ஓடுமா தம்பி?"

கருணாகரன் தலையைச் சொறிந்தான். "கழட்டி, காயவச்சு, ஈயம் பத்தவைக்கணும்க்கா. எந்தப் பட்டறையிலயும் இப்ப கைய வைக்க மாட்டாங்க. எல்லா எடத்துலயும் ஊர்வல லாரிங்க நிக்குது. என் பட்டறையில மட்டும் ஒரு அன்னப்பறவை லாரி, ஒரு புலி லாரி."

"புதுசு வாங்கிப் போட்டா?" என்றார் நாகூர் மீரான்.

"சிங்கப்பூர்ல கேக்கணும் பாய். அங்கயும் இந்தக் காருக்குக் கெடைக்குமோ என்னமோ. கெடச்சாலும் மெர்டேக்கா கழிச்சுத்தான்."

"அப்ப பஸ்ஸுல போயிருவோம்" என்றாள் சபியா. "டாக்சி புடிச்சாலும் சரி."

"நல்லாருக்கு. கார்ல வர்றோம்னு வாக்குக் குடுத்தாச்சு. நம்ம வீட்டுல காரு நிக்க, அடுத்தவன் கார்ல போயி எம் மகளுக்குச் சீனி மாத்தவா?"

"நம்ம வீட்டுல நிக்கத்தாங்க செய்யுது. அதானே சொல்றேன்."

முகம்மது இருமினான். சிரிப்பை அப்படித்தான் அவன் மறைப்பான். மச்சான் கடையில் வேலை பார்க்கிறவன் வேறு எப்படிச் சிரிப்பான்?

"ஒரு வழி இருக்கு" என்றான் கருணாகரன். "லாரிக்காரங்க செய்யிறது. மஞ்சத்தூளு, மொளகுத்தூளு, முட்ட வெள்ளக்கரு, இப்புடிச் சூட்டுல ஒட்டுற சாமான் ஏதாச்சும் ஒண்ணு தண்ணியில கொஞ்சமாப் போட்டா, அது வெடிப்புல போயி அடச்சிக்கும். மூவார் வரைக்கும் தாங்கும். ஒண்ணுதான் போடணும். கொஞ்சமாத்தான் போடணும்."

'ஒண்ணு', 'கொஞ்சம்' என்ற இரண்டு வார்த்தையும் அந்த வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. ஒட்டுற சாமான் என்பது மட்டும் எல்லார் காதிலும் ஏறியது.

நாகூர் மீரானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் காரு என்னா, சோத்துப் பானையா? மசாலா போட்டு ஓட்டுறாராம். ஒருத்தரும் ஒண்ணும் போடக் கூடாது, சொல்லிட்டேன். வாளியில தண்ணி எடுத்துக்குவோம், நிறுத்தி நிறுத்தி ஊத்திக்கிட்டுப் போவோம்."

கருணாகரன் கோப்பியைக் குடித்துவிட்டு, அன்னப்பறவைக்கு இறக்கை மாட்டப் போனான்.

சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் வட்டலாப்ப வேலை. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? தேங்காய்ப்பால் பிழிந்து, குலா மலாக்கா வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டி, முட்டையை நுரைக்க அடித்து, ஏலம் தட்டிப் போட்டு, சட்டி சட்டியாக ஆவியில் வைத்தாள் சபியா. மத்தியானம் மழை பிடித்து ஜிங்க் கூரையில் தட்டியது. ஹலீமா தேங்காய் துருவிக் கொடுத்தாள், அடுப்பில் விறகு தள்ளினாள், பாத்திரம் கழுவினாள்.

"ஏம்மா, மூவாருக்குப் போறோம், ஒனக்கு இஷ்டந்தானே?"

"உங்க இஷ்டம்மா."

"என் இஷ்டத்தக் கேக்கல. கட்டிக்கப் போறது நீ."

ஹலீமா துருவின தேங்காயை இன்னொரு முறை துருவினாள். சபியாவுக்கு அழுகை வரப் பார்த்தது. கோபமும் வந்தது. இரண்டையும் முட்டையின் மேல் காட்டினாள். வட்டலாப்பம் அன்றைக்கு மிருதுவாக வந்ததற்கு அதுதான் காரணம்.

ஞாயிறு சுபுஹு தொழுதுவிட்டு, வீட்டுக்காரர் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, சபியா ஒரு மங்குக் கிண்ணத்தில் முட்டை வெள்ளைக்கருவை மூடி எடுத்துக்கொண்டு ரம்புத்தான் மரத்தடிக்குப் போனாள். யா அல்லா, புருஷன் பேச்சை மீறுறேன், பெத்த புள்ளைக்காகத்தான், என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகி ஊற்றினாள். மிஞ்சின மஞ்சள் கருவையெல்லாம் பொரித்துப் பசியாற வைத்தாள். நாகூர் மீரான் தட்டில் இருந்த அந்த மஞ்சள் மெத்தையைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகம்மதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அவசரமாகச் சாப்பிட்டார்கள். அதை அப்போதே அவள் கவனித்திருக்கவேண்டும்.

சீனி மாற்றப் போகிற இடத்துக்குப் பெண் வரக்கூடாது. ஹலீமா வீட்டோடு இருந்தாள். கார் கிளம்புகிறபோது வாசல் வரைக்கும் வந்து, காரின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை.

"பாத்தியா" என்றார் நாகூர் மீரான். "ஒண்ணும் போடல, தானா நின்னுருச்சு. நல்ல சாமான்னா அப்புடித்தான்."

"ஆமா மச்சான்" என்றான் முகம்மது.

"ஆமாங்க" என்றாள் சபியா.

உம்பாய் வரைக்கும் கார் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. பம்பரில் கட்டின ஹலீமாவின் கொடி படபடத்தது. நாகூர் மீரான் வயலில் நின்ற எருமையைத் தவிர மற்ற எல்லாருக்கும் சலாம் சொன்னார். மெர்லிமாவ் தாண்டினதும் ஒரு வாசம் வந்தது.

"யாரு வீட்டுலயோ கல்யாணம் போலருக்கு" என்றார்.

அந்தக் கல்யாண வீடு கூடவே வந்தது. ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் வந்தது, வீடே இல்லாத சதுப்புக் காட்டில் வந்தது. சுங்கை ரம்பாய் கடைத்தெருவில் காரை மெதுவாக விட்டபோது, கோப்பிக்கடையில் இருந்த ஒருத்தர் எழுந்து வந்து மலாயில், விற்பனைக்கா, பொட்டலம் கட்டித் தருவீர்களா என்று கேட்டார்.

"வேகமாப் போ" என்றார் நாகூர் மீரான்.

"வேகம் வரல மச்சான். ரொம்பச் சூடாவுது."

"தண்ணி ஊத்துவோமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார் நாகூர் மீரான்.

"ஒழுகவே இல்லியே, எதுக்கு ஊத்தணும்?" என்றாள் சபியா. மூடியைத் திறந்தால் தன் முட்டை வெளியே தெரிந்துவிடுமே என்று அவளுக்குப் பயம்.

"வேணாம் வேணாம், தொறக்க வேணாம்" என்று ஆண்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சபியாவுக்கு அப்போதுதான் லேசாக ஒரு சந்தேகம் தட்டியது.

ஒருவழியாகத் தஞ்சோங் அகாஸ் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது லுஹருக்கு இன்னும் நேரம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். மூவார் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் ஊர், காரை ஃபெரியில் ஏற்றி அக்கரை சேரவேண்டும். ஷம்சுதீன் மரியாதைக்காகத் தானே இக்கரைக்கு வந்து காத்திருந்தார். சலவை வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் குடை. ஒருவரையொருவர் தழுவி, நலம் விசாரித்து, எல்லாரும் காரோடு ஃபெரியில் ஏறினார்கள்.

ஆற்றின் நடுவில் கார் ஒரு முனகல் முனகியது. மூடியின் ஓரத்தில் ஆவி சீறியது. முகம்மதுவுக்குப் பயம் வந்துவிட்டது. துணியைச் சுற்றி மூடியைப் பிடித்து ஒரு திருகு திருகினான். நல்ல வேளை, கையை எடுத்துவிட்டான்.

மஞ்சளாக ஒரு ஊற்று எழும்பியது. கொடிக்கு மேலே போயிற்று. போனதெல்லாம் இறங்கியது. ஃபெரியில் இருந்த ஆடு, சைக்கிள், மங்குஸ்தீன் கூடை எல்லாவற்றின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மிச்சமெல்லாம் ஷம்சுதீனின் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது. அவர் குடையை விரித்தார், ஆனால் பிந்திவிட்டது.

முடிஞ்சுது, மூணாவதும் போச்சு, எம் புள்ள தலையெழுத்து இந்தக் காரோட சேர்த்து எழுதியிருக்கு என்று நினைத்தாள் சபியா. வட்டலாப்பப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஷம்சுதீன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டையிலிருந்து ஒரு துளியை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். கஸ்டம்ஸ்காரர் புத்தி எங்கே போகும்?

"உள்ள என்னென்ன இருக்கு?" என்றார். "நீங்களாச் சொன்னா நல்லது. நானாக் கண்டுபுடிச்சா வேற மாதிரி."

நாகூர் மீரான் வேட்டியைச் சரி செய்தார். "தண்ணிதான் காக்கா."

ஷம்சுதீன் விரலை மறுபடி முகர்ந்தார்.

"கொஞ்சம் கறிமசாலாத் தூளு" என்றார் நாகூர் மீரான். "நம்ம கடச் சரக்கு. கலப்படம் கெடையாது. நேத்து ராவு, மனசு கேக்கல."

"இந்தாங்க, நீங்களா?" என்றாள் சபியா.

"எவ்வளவு?"

"ஒரு டின்னு."

"வெந்தயம் கூடுதலாத் தெரியுதே. ஒங்க மசாலாவுல இவ்வளவு போடுவீங்களா?"

"அது நான்" என்றான் முகம்மது, ஆற்றைப் பார்த்துக்கொண்டு. "ஊறுனா வழவழன்னு ஒட்டும்னு நெனச்சேன். மச்சான் திட்டுவாருன்னு சொல்லல. நம்ம புள்ள காரியமாச்சே."

"இந்த வெள்ளையா மெதக்குறது?"

சபியா முக்காட்டை இழுத்துவிட்டாள். "முட்ட காக்கா. காலையில ஊத்துனேன்."

"அதான் தட்டுல வெறும் மஞ்சக் கருவா?" என்று நாகூர் மீரான் அவள் பக்கம் திரும்பினார். திட்டுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. வெடிப்பு அடைபட்டது என்னவோ வாஸ்தவம். கூடவே அடைபடக் கூடாத குழாயெல்லாம் அடைபட்டுவிட்டது.

ஷம்சுதீன் இன்னும் விடவில்லை. சட்டைப் பையின் விளிம்பிலிருந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கண்ணாடி மாதிரி, உருண்டையாக, மஞ்சளில் தோய்ந்து கிடந்தன.

"ஜவ்வரிசி. இது யாரோடது?"

நாகூர் மீரான் முகம்மதுவைப் பார்த்தார். முகம்மது சபியாவைப் பார்த்தான். மூன்று பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே சபியாவின் தலை நின்றுவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

"அது எம் மக போட்டது காக்கா" என்றாள். "தம்பின் போறப்ப போடல. ஜாசின் போறப்ப போடல. இப்பதான் போட்டிருக்கு. நாங்க வந்து சேரணும்னு நெனச்சிருக்கு."

ஷம்சுதீன் அந்த ஜவ்வரிசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மீசை ஓரம் லேசாகத் துடித்தது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

"நீங்க நெனைக்கிறது சரியாத்தான் இருக்கும் தங்கச்சி. ஆனா புள்ள வாயால வரல. சீனியக் கொண்டாங்க. சபையில வச்சு துவா ஓதுவோம், காக்கா இருந்து நடத்தி வைக்கட்டும். பொட்டலத்தப் பிரிக்க மாட்டோம். நீங்க வீட்டுக்குப் போயி கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, அப்ப பிரிச்சுக்குவோம்."

அக்கரையில் கார் ஃபெரியை விட்டு இறங்க மறுத்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். மஞ்சள் சட்டையோடு ஷம்சுதீனும் தள்ளினார். துறையில் காத்திருந்த மாப்பிள்ளைப் பையன் ஓடிவந்து தோள் கொடுத்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக நாகூர் மீரானும் இறங்கித் தள்ளினார். பையன் தள்ளிக்கொண்டே கொடியைப் பார்த்து முகம்மதுவிடம், "இப்ப பதினொண்ணு சரியா இருக்கு" என்றான். சொன்னதும் அவன் காது சிவந்துபோயிற்று. சபியா அதைப் பார்த்துவிட்டாள்.

துவா ஓதி, பிரியாணி சாப்பிட்டு, வட்டலாப்பத்தை வழித்து முடித்தார்கள். பிரிக்காத சீனிப் பொட்டலம் இரண்டும் தாம்பாளத்தில் இருந்தன. ரேடியேட்டரைக் கழற்றி வேறு போடுகிற வேலையைப் பையன் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டான். மூன்று பேரும் பஸ் ஏறினார்கள்.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் காஜா பேராங்கில் இறங்கி நடந்தார்கள். வழியெல்லாம் சபியா எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கையைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டும். இந்தத் தடவை 'உங்க இஷ்டம்' என்று சொல்ல விடக் கூடாது.

ஹலீமா படலைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். காலில் செருப்பில்லை. மூன்று பேரும் நடந்து வருவதைப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"காரு எங்கம்மா?"

சபியா வாயைத் திறக்குமுன் அவள் முகம் கோணிற்று.

"வழியில நின்னுருச்சா? போய்ச் சேரலியா? நாந்தாம்மா. ஜவ்வரிசிய நாந்தான் போட்டேன். ஒழுகாம இருக்கணும்னு டின்னோட கொட்டிட்டேன். இதுவும் போயிருச்சா? எனக்கு அவங்களத்தாம்மா கட்டிக்கணும்."

தெருவென்றும் பாராமல், வாப்பாவும் மாமாவும் நிற்கிறார்களே என்றும் பாராமல், சத்தமாக அழுதாள். அடுத்த வீட்டுச் சிட்டிக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். நாகூர் மீரான் தொப்பியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

சபியா மகளின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள்.

"மொகமது, கடைக்கிப் போயி மூவாருக்குப் போன் போடு. சீனியப் பிரிக்கச் சொல்லு."